வீட்டில் கட்டிய விமானமும் கட்டைவிரல் அளவு சுவிட்சும்

வேதாரண்யத்தில் உப்பளத்தை ஒட்டி இருக்கும் ஒரு வீட்டில் பழைய சுவிட்ச் போர்டு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பித்தளைத் திருகாணிகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். அகஸ்தியம்பள்ளி, கோடியக்கரை பக்கம் கடற்காற்றோடு வரும் உப்பு, செம்பு, பித்தளை, இரும்பு எதையும் விட்டு வைப்பதில்லை. சுவிட்சைப் போட்டால் உள்ளே கரகரவென்று சத்தம் வரும், ஃபேன் ஓடும், நிற்கும், போர்டில் ஒரு தட்டு தட்டினால் மறுபடி ஓடும். பிறகு எலக்ட்ரீஷியன் வந்து புதுசு மாட்டிவிட்டுப் போவார். அதோடு விஷயம் முடிந்தது.

அதே கரகர சத்தம் மூவாயிரம் அடி உயரத்தில் கேட்டால்? அங்கே எலக்ட்ரீஷியன் கிடையாது. பெரிய விமானக் கம்பெனிகளில் எந்த சுவிட்ச், எந்த இடத்தில், எந்தப் பக்கம் தள்ளினால் ஆன் என்று முடிவு செய்ய தனித் துறையே இருக்கிறது. தன் வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டுகிறவருக்கு அந்த வசதி இல்லை. இறக்கையை எப்படி ஒட்டுவது என்று யோசிப்பவர், ஒரு நாள் உட்கார்ந்து சுவிட்சையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. பலர் கடைசியில்தான் யோசித்தார்கள். சிலர் அதற்குக் கொடுத்த விலை பெரிது.

சொந்தமாக விமானம் கட்டுவதெல்லாம் அமெரிக்கக்காரர்கள் வேலை என்று நினைக்க வேண்டாம். நம் சென்னையில் 1910-லேயே ஒருவர் கட்டினார். பெயர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். கார்சிகா தீவைச் சேர்ந்தவர், மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர். 1909 ஜூலை 25 அன்று பிரெஞ்சுக்காரர் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டிய செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அந்த வேகத்தில் ஏஞ்சலிஸ் தானே ஒரு விமானத்துக்கு வரைபடம் போட்டார். குதிரை வண்டிகளும் கார் பாடிகளும் செய்துகொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனி அதைக் கட்டிக் கொடுத்தது. சின்ன எஞ்சின் ஒன்றைப் பொருத்தி, பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்து, 1910 மார்ச்சில் சென்னை மக்கள் முன்னால் பறந்து காட்டினார். அலகாபாத்தில் விமானங்கள் பறந்தது அந்த வருடம் டிசம்பரில்தான். ஹென்றி பெக்கே அங்கிருந்து நைனிக்குத் தபால் மூட்டையோடு பறந்தது 1911 பிப்ரவரி 18. வரலாற்றுப் புத்தகங்களில் பெக்கேவுக்குக் கிடைக்கும் இடத்தில் பாதிகூட இந்த ஹோட்டல் முதலாளிக்குக் கிடைப்பதில்லை. கொஞ்சம் அநியாயம்தான்.

அந்தக் காலத்து விமானத்தில் விளக்கு இல்லை, ரேடியோ இல்லை, செல்ஃப் ஸ்டார்ட்டர் இல்லை. மின்சாரம் ஒரே ஒரு வேலைக்குத்தான் தேவைப்பட்டது: எஞ்சினுக்குள் தீப்பொறி. எனவே சுவிட்சும் ஒன்றுதான். ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தில் எஞ்சினை நிறுத்த இருந்தது, கடையில் வாங்கிய சாதாரண கத்தி சுவிட்ச். ஒரு செம்புப் பட்டையை இரண்டு தகடுகளுக்கு நடுவே அழுத்தி வைக்கும் அதே பழைய வகை. தரையில் எஞ்சினைக் கிளப்ப உலர் பாட்டரி. கிளம்பிய பிறகு மாக்னெட்டோ தீப்பொறி கொடுக்கும். பாட்டரி தரையிலேயே தங்கிவிடும். எடையைக் குறைக்க அவர்கள் பார்த்த கணக்கு அது.

இந்த மாக்னெட்டோவை இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஏனென்றால் விமான சுவிட்ச் பற்றிய பாதிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. காந்தத்தைச் சுழற்றினால் தானே மின்சாரம் உண்டாகும் சின்ன ஜெனரேட்டர் அது. பாட்டரியே தேவையில்லை. எஞ்சின் சுற்றும் வரை தீப்பொறி வந்துகொண்டே இருக்கும். அப்படியானால் அதை நிறுத்துவது எப்படி? அதன் முதல் சுருளை எஞ்சின் உடம்போடு ஒரு ஒயரால் இணைத்துவிட வேண்டும். மின்சாரம் அந்த வழியாக எர்த்துக்குப் போய்விடும், தீப்பொறி வராது.

அதாவது நம் வீட்டு சுவிட்சுக்கு நேர் எதிர். வீட்டில் ஆன் என்றால் இணைப்பு, ஆஃப் என்றால் துண்டிப்பு. மாக்னெட்டோவில் ஆஃப் என்றால் இணைப்பு, ஆன் என்றால் துண்டிப்பு. வீட்டில் ஒயர் அறுந்தால் விளக்கு எரியாது. மாக்னெட்டோவில் ஒயர் அறுந்தால் எஞ்சின் அணையாது! நடுவானில் சுவிட்ச் கெட்டுப்போனாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்ற யோசனைதான் அது. நல்ல யோசனை. ஆனால் தரையில் அதே யோசனை ஆளைக் கொல்லும். சுவிட்ச் ஆஃபில் இருக்கிறது என்று நம்பி, யாரோ ஒருவர் ப்ரொப்பெல்லரைக் கையால் லேசாகத் திருப்புவார். உள்ளே ஒயர் அறுந்திருந்தால், சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் இருந்தால், எஞ்சின் ஒரு உதை உதைக்கும். இப்படிக் கை போனவர்களும் உயிர் போனவர்களும் உண்டு. அதனால்தான் சுவிட்ச் என்ன சொன்னாலும் ப்ரொப்பெல்லர் எப்போதும் உயிரோடு இருப்பதாகவே நினை என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

1909-ல் பிரான்சில் வந்த நோம் ரோட்டரி எஞ்சினில் வேடிக்கை இன்னும் அதிகம். அதில் இன்றைய எஞ்சின்களைப் போல வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கிடையாது. இறங்கும்போது பைலட் கட்டுப்பாட்டுக் கம்பின் மேல் இருக்கும் பொத்தானை அழுத்தி அழுத்தி விடுவார். அழுத்தினால் தீப்பொறி நிற்கும், விட்டால் வரும். முதல் உலகப் போர் விமானங்கள் விட்டு விட்டு உறுமிக்கொண்டு இறங்குவதைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். அது இந்தப் பொத்தானின் வேலை. அதிக நேரம் அழுத்தினால் எரியாத பெட்ரோல் எஞ்சின் மூடிக்குள் சேரும், விட்டவுடன் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

இது ஒரு பக்கம் இருக்க, தரையில் வேறு ஒரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. மின்விளக்கு வந்த புதிதில் வீடுகளுக்கு வந்தது டிசி மின்சாரம். சுவிட்சை மெதுவாகத் திறந்தால் இரண்டு முனைகளுக்கும் நடுவே நெருப்புப் பாலம் போல ஒரு பொறி நீண்டு நிற்கும், முனைகள் கருகிப் போகும். இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884-ல் இதற்கு வழி கண்டுபிடித்தார். சுவிட்சை எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒரு கட்டத்தில் படக்கென்று முனைகளைப் பிரித்துவிடும். இன்று சுவிட்ச் போடும்போது வரும் ‘டிக்’ சத்தம் அந்த வழியில் வந்ததுதான்.

பிறகு வீடுகளுக்கு ஏசி வந்தது. 50 ஹெர்ட்ஸ் ஏசி ஒரு விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது. பொறி தானாகவே அணைந்துவிடும். அதனால் வீட்டு சுவிட்சை எளிமையாக, மலிவாகச் செய்ய முடிந்தது. விமானமோ கடைசி வரை பாட்டரியைத்தான் நம்பியிருக்கிறது. சின்ன விமானத்தில் 12 அல்லது 24 வோல்ட் டிசி. ஆக, 240 வோல்ட்டுக்கு என்று அச்சடித்த வீட்டு சுவிட்ச் 12 வோல்ட்டுக்குத் தாராளமாகப் போதும் என்ற கணக்கு தப்புக் கணக்கு. டிசி-க்கு எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

விமானம் கட்டுவது வீட்டு வேலையாக மாறியது 1930-களில். பிரெஞ்சுக்காரர் ஹென்றி மின்யே ‘வானத்துப் பூச்சி’ என்ற குட்டி விமானத்தை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்று புத்தகமே போட்டார். ஐரோப்பா முழுக்க மரப்பட்டறையிலும் மாட்டுக் கொட்டகையிலும் கட்டித் தள்ளினார்கள். பலர் இறந்த பிறகு, இறக்கை அமைப்பிலேயே கோளாறு என்று தெரிந்தது. அதற்கும் சுவிட்சுக்கும் சம்பந்தமில்லை, விடுவோம். 1953-ல் அமெரிக்காவில் பால் போபரெஸ்னி, சொந்த விமானம் கட்டுபவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். வேலையில் பாதிக்கு மேல் தன் கையால் செய்திருந்தால், கட்டியவரே பறக்க அரசு அனுமதி கொடுக்கும் முறையும் அங்கே நிலைபெற்றது. 1970-களில் பர்ட் ரூட்டன் கண்ணாடி இழையால் ஆன விமானங்களுக்கு வரைபடம் விற்றார். 1975-ல் வேரிஈஸி, பிறகு லாங்-ஈஸி. ஆயிரக்கணக்கானோர் அவற்றை வாங்கினார்கள்.

இங்கேதான் மின்சாரம் கட்டுபவரின் தலையில் வந்து விழுந்தது. அலுமினிய விமானத்தில் உடம்பே எர்த். பாட்டரியின் ஒரு முனையை உடம்பில் கட்டிவிட்டால் போதும், கார் மாதிரி. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒரு ஒயர், திரும்ப ஒரு ஒயர். மரம் அறுக்கத் தெரிந்தவர், பிசின் பூசத் தெரிந்தவர், ஒயரிங்கில் திணறினார்.

ஒயரிங்கில் மறைந்திருக்கும் கண்ணிகள் வெளியே தெரியாது. உதாரணத்துக்கு, இறங்கும்போது போடும் 100 வாட் விளக்கு. 12 வோல்ட்டில் சுமார் 8 ஆம்பியர். பத்து ஆம்பியர் சுவிட்ச் போதுமே என்று தோன்றும். ஆனால் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை மிகக் குறைவு. போட்ட கணத்தில் பத்து மடங்கு வரை, அதாவது 80 ஆம்பியர் பாய்ந்து, பிறகுதான் எட்டுக்கு இறங்கும். அந்த ஒரு கணத்தில் சுவிட்ச் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பற்றவைத்த மாதிரி ஆகிவிடலாம். (எல்.இ.டி. வந்த பிறகு இந்தத் தலைவலி வெகுவாகக் குறைந்துவிட்டது.) ஸ்டார்ட்டர் ரிலேவின் கதை இதற்கு எதிர். போடும்போது சாது, அணைக்கும்போது சண்டி. சுருளில் தேங்கிய சக்தி சில நூறு வோல்ட்டாகத் திரும்பி வந்து சுவிட்ச் முனைகளைச் சுடும். சில ரூபாய் டயோடு ஒன்றைச் சுருளின் குறுக்கே போட்டால் தீர்ந்தது. அது தெரியாமல் சுவிட்சை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தவர்கள் எத்தனையோ பேர்.

பாட்டரியையே துண்டிக்கும் மாஸ்டர் சுவிட்ச் இன்னொரு தினுசு. நூற்றுக்கணக்கான ஆம்பியரை பைலட்டின் கை அருகே கொண்டுவந்தால் விபத்து நடந்தால் தீதான். அதனால் பாட்டரி பக்கத்திலேயே ஒரு பெரிய ரிலே. அதன் சுருளுக்குப் போகும் ஒரு ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் மட்டுமே பேனலில் இருக்கும் சுவிட்ச் வழியாகப் போகும். பார்க்கப் பெரிய சிவப்பு சுவிட்ச், செய்வது சின்ன வேலை.

உப்புக்கு வருவோம். சுவிட்ச் முனைகளில் வழக்கமாகப் பூசுவது வெள்ளி. நல்ல கடத்தி, ஆனால் கறுத்துப் போகும். அதிக மின்சாரம் போகும் இடத்தில் ஒவ்வொரு முறை போடும்போதும் வரும் சின்னப் பொறியே அந்தக் கறுப்பை எரித்துச் சுத்தம் செய்துவிடும். மிகக் குறைந்த மின்சாரம் போகும் இடத்தில் அந்தப் பொறி வராது, கறுப்பு அப்படியே இருக்கும். அங்கே தங்க முலாம் தேவை. ஆக, ‘பெரிய’ சுவிட்சை எல்லா இடத்திலும் போட்டால் பாதுகாப்பு என்பதும் சரியில்லை. உப்பைத் தாங்குமா என்று பார்க்க 1939-லேயே அமெரிக்காவில் ஒரு தரநிலை வந்துவிட்டது. 5 சதவீத உப்புக் கரைசலைப் பனி மாதிரித் தூவி, 35 டிகிரி செல்சியஸில் பொருளை மணிக்கணக்கில் வைத்திருப்பார்கள். வேதாரண்யத்துக்காரர்களுக்கு இந்தச் சோதனை புதிதாகத் தெரியாது!

சரி, காசு கொடுத்து ராணுவத் தரத்தில் சீல் வைத்த சுவிட்சாகவே வாங்கிவிட்டால்? விலை சாதாரண சுவிட்சைவிடப் பல மடங்கு. அமெரிக்காவில் விசிட்டா நகரைச் சேர்ந்த பாப் நக்கல்ஸ் என்ற எஞ்சினியர், வீட்டில் விமானம் கட்டுபவர்களுக்கென்றே மின்சாரம் பற்றி ஒரு புத்தகம் எழுதி, பல ஆண்டுகள் வகுப்பும் எடுத்தார். அவர் வாதம் பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. எவ்வளவு விலை கொடுத்தாலும் எந்த சுவிட்சும் ஒரு நாள் கெடும். கெட்டால் உயிர் போகும் என்கிற மாதிரி ஒரு சுவிட்ச் உன் விமானத்தில் இருந்தால், தப்பு சுவிட்சில் இல்லை, உன் வரைபடத்தில் இருக்கிறது. அத்தியாவசியக் கருவிகளுக்கு மாஸ்டரைச் சுற்றிக்கொண்டு இன்னொரு வழி போடு, பிறகு சாதாரண சுவிட்சே போதும் என்றார். வரவு செலவுக் கணக்குப் பார்த்தாலும் இதுதான் சரி. ஒரு பொருளை உடையாததாக ஆக்க முடிவில்லாமல் செலவு செய்யலாம். உடைந்தால் சமாளிக்க ஒரு ஒயர், ஒரு சுவிட்ச் போதும்.

ஆனால் உடையாத சுவிட்சும் கொல்லும் என்று 1943-ல் தெரிந்தது. அமெரிக்க விமானப்படையின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாக இறங்கி, ஓடுபாதையில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று சக்கரத்தை மடக்கிக்கொண்டு வயிற்றில் விழுந்தன. பைலட்டின் தவறு என்று எழுதி முடித்தார்கள். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் காக்பிட்டில் போய்ப் பார்த்தார். இறக்கை மடிப்புக்கான சுவிட்சும் சக்கரத்துக்கான சுவிட்சும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே உருவத்தில் இருந்தன. பறந்து களைத்த கை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தள்ளியது. அவர் சக்கர சுவிட்சின் மேல் சின்ன ரப்பர் சக்கரம் ஒன்றையும், மற்றதன் மேல் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் ஒட்டினார். பிரச்சினை தீர்ந்தது. இன்றும் பயணிகள் விமானத்தில் சக்கரத்துக்கான நெம்புகோலின் முனை சக்கர வடிவத்தில் இருப்பது இப்படித்தான். 1947-ல் ஃபிட்ஸ், ஜோன்ஸ் இருவரும் 460 ‘பைலட் தவறுகளை’ ஆராய்ந்தபோதும், ஒன்றை மற்றொன்று என்று நினைத்து இயக்கியதுதான் அதிகம் இருந்தது.

எந்தப் பக்கம் ஆன் என்பதிலும் சிக்கல் உண்டு. நம் வீட்டில் கீழே தட்டினால் ஆன். பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப் போன பழக்கம். அமெரிக்க வீட்டில் மேலே. அமெரிக்க சின்ன விமானங்களிலும் மேலே தள்ளினால்தான் ஆன். இந்தியாவில் வளர்ந்த கை ஒன்று பதற்றத்தில் எந்தப் பக்கம் போகும் என்பதைக் கட்டுபவர் யோசித்தே ஆக வேண்டும்.

பாடகர் ஜான் டென்வரின் கதை இதில் மிகவும் வருத்தமானது. 1997 அக்டோபர் 12 அன்று, கலிஃபோர்னியா கடற்கரையை ஒட்டி, தான் புதிதாக வாங்கிய லாங்-ஈஸி விமானத்தில் பறந்து கடலில் விழுந்து இறந்தார். வயது 53. அந்த விமானம் வேறொருவர் வீட்டில் கட்டியது. ரூட்டனின் வரைபடப்படி பெட்ரோல் டேங்க்கை மாற்றும் திருகு பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர், பெட்ரோல் குழாய் காக்பிட்டுக்குள் வர வேண்டாம் என்று நல்ல எண்ணத்தில், அதை பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எந்தப் பக்கம் எந்த டேங்க் என்று அதில் குறிக்கவும் இல்லை, திருகுவதற்கும் கடினம். அதைத் திருக உடம்பை முறுக்கித் திரும்பினால் வலது கால் தன்னையறியாமல் பெடலை மிதிக்கும், விமானம் சாயும். 1999-ல் வந்த அமெரிக்க விசாரணை அறிக்கை காரணங்களில் ஒன்றாக இந்த இடமாற்றத்தையும் எழுதியது. இது மின்சார சுவிட்ச் இல்லை, வால்வுதான். ஆனாலும் எதை எங்கே வைப்பது என்ற கேள்வி ஒன்றேதான்.

நம் நாட்டில் சமீபகாலத்தில் கட்டியவர்களும் உண்டு. இடுக்கி மாவட்டம் தட்டக்குழையைச் சேர்ந்த, காது கேளாத, பேச முடியாத சஜி தாமஸ் கட்டிய குட்டி விமானம் 2014-ல் பறந்தது நம் திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில். எஞ்சின் சத்தம் மாறுவதைக் காதால் அறிய முடியாத ஒருவர் அதைக் கட்டினார் என்பதை நினைத்துப் பாருங்கள். மும்பை காண்டிவலியில் விமானி அமோல் யாதவ் தன் அடுக்குமாடி வீட்டு மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். 2016-ல் அதைக் கண்காட்சியில் வைத்தார், 2017-ல் விடி-என்எம்டி என்ற பதிவு எண் கிடைத்தது, பறக்க அனுமதி 2019 அக்டோபரில்தான் வந்தது. அமெரிக்காவில் இருப்பது போல சொந்த விமானம் கட்டுபவருக்கு எளிதான ஒரு வழி இங்கே இல்லாததால், கட்டிய நேரத்துக்குச் சமமாக அலைந்த நேரமும் ஆயிற்று.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 கிளம்பிய சில நொடிகளில் விழுந்து 260 பேர் இறந்தார்கள். ஒரு மாதம் கழித்து வந்த முதற்கட்ட அறிக்கை, இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் ‘ரன்’ நிலையிலிருந்து ‘கட்-ஆஃப்’ நிலைக்கு மாறியதாகவும், சுமார் பத்து விநாடி கழித்து மறுபடி ‘ரன்’ நிலைக்கு வந்ததாகவும் சொன்னது. யார், எப்படி, ஏன் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. அந்த வகை சுவிட்சைச் சும்மா தட்டி மாற்ற முடியாது. மேலே இழுத்து, ஒரு தடுப்பைத் தாண்டித்தான் நகர்த்த வேண்டும். சில போயிங் விமானங்களில் அந்தப் பூட்டு சரியாக விழாமல் இருப்பதாக 2018 டிசம்பரில் அமெரிக்க விமானத் துறை ஒரு அறிவுரை வெளியிட்டிருந்தது. கட்டாயம் அல்ல, வெறும் அறிவுரை. விபத்துக்குப் பிறகு 2025 ஜூலையில் நம் டிஜிசிஏ, அந்த வகை சுவிட்ச் உள்ள விமானங்களைப் பரிசோதிக்க உத்தரவிட்டது. ஏர் இந்தியா தன் 787, 737 விமானங்களில் பார்த்துவிட்டு, பூட்டில் கோளாறு இல்லை என்றது.

அதே இழுத்து நகர்த்தும் வகை சுவிட்ச், சின்ன அளவில், வெளிநாட்டுக் கடைகளில் தனியாகவும் கிடைக்கிறது. வீட்டில் விமானம் கட்டுபவர்கள் எஞ்சின் சம்பந்தப்பட்ட இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் அதை வாங்குகிறார்கள். விளக்குகளுக்குச் சாதாரண டாகிள் போதும். மாட்டி முடித்த பிறகு இருட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சுவிட்சையும் தடவியே கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். முடியவில்லை என்றால் பேனலைக் கழற்றி ஓட்டையை மறுபடி போடுகிறார்கள்.